அடுப்பில் உருகும் உலோகம்

கேட்கச் சகிக்காத சொல் ஒன்று காதில் விழுந்தால், ‘காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது’ என்று சொல்கிறோம். இரும்பைக் காய்ச்சி ஊற்றியது போல என்றோ, செம்பைக் காய்ச்சி ஊற்றியது போல என்றோ யாரும் சொல்வதில்லை. எத்தனையோ உலோகங்கள் இருக்க, இந்த வழக்குக்கு ஈயம் மட்டும் ஏன் அகப்பட்டது?

விடை உருகுநிலையில் இருக்கிறது. இரும்பு உருக 1,538° செ. வேண்டும். செம்பு உருக 1,085° செ. வேண்டும். இவற்றுக்கென்று தனியாக உலை கட்ட வேண்டும். துருத்தி ஊத வேண்டும். ஈயமோ 327.5° செ. வெப்பநிலையிலேயே உருகிவிடும். சோறு பொங்கும் அடுப்பே அதற்குப் போதும். ஆகவே, சாதாரண மனிதன் தன் வீட்டு முற்றத்திலேயே காய்ச்சி ஊற்றக்கூடிய உலோகம் ஈயம்தான். வலைக்குக் கட்டும் குண்டையும், துப்பாக்கியில் இடும் குண்டையும் மனிதன் வீட்டிலேயே வார்த்துக்கொண்டது இதனால்தான். இந்த எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. அதைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டுக் குழந்தைகளே. இரண்டையும் பார்ப்போம்.

எந்த ஈயம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்கள்; சில வீடுகளில் ஈயச் செம்பில் ரசம் வைப்பார்கள். அந்த ஈயம் வெள்ளீயம். அதன் உருகுநிலை 232° செ.; அடர்த்தி ஒரு கன செ.மீட்டருக்கு 7.3 கிராம். நாம் பேசப்போவது காரீயம். அதன் அடர்த்தி 11.34 கிராம். இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்றால் பார்வைக்குப் பெரிய வேறுபாடு தெரியாது; ஆனால் உணவுப் பாத்திரத்தில் காரீயம் நஞ்சு. பென்சிலுக்குள் இருப்பதைக் காரீயம் என்று சிலர் சொல்வதுண்டு. அது இரண்டுமே அல்ல. கிராஃபைட் என்னும் கரி வகை. இனி இக்கட்டுரையில் ஈயம் என்றால் காரீயம் என்றே கொள்க.

நீரைவிடக் குறைந்த வெப்பம்

ஒரு கிலோகிராம் ஈயத்தை உருக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? 27° செ. வெப்பநிலையில் இருக்கும் ஈயத்தை உருகுநிலைவரை சூடேற்ற வேண்டும். பிறகு உள்ளுறை வெப்பத்தையும் கொடுக்க வேண்டும். ஈயத்தின் தன் வெப்பம் மிகக் குறைவு; ஒரு கிராமை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 0.13 ஜூல் போதும். 1,000 கிராமை 300 டிகிரி உயர்த்த ஆகும் வெப்பம் சுமார் 39 கிலோ ஜூல். உருகுவதற்கான உள்ளுறை வெப்பம் சுமார் 23 கிலோ ஜூல். ஆக மொத்தம் 62 கிலோ ஜூல்.

இப்போது ஒரு கிலோகிராம் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அதை 27° செ.இலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர மட்டும் 1,000 × 4.18 × 73, அதாவது சுமார் 305 கிலோ ஜூல் வேண்டும். ஒரு கிலோ ஈயத்தை உருக்க, ஒரு கிலோ தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆவதில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமே ஆகிறது! வியப்பாக இல்லையா? வெந்நீர் போடும் விறகிலேயே ஈயத்தை உருக்கிவிடலாம் என்பது மிகையன்று.

வலையின் விளிம்பில்

குழித்துறை ஆற்றிலோ தேங்காய்ப்பட்டணம் ஆற்றுமுகத்திலோ வீச்சு வலை வீசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வட்டமாக விரிந்து விழும் வலையின் விளிம்பு முழுவதும் சிறு சிறு ஈயக்குண்டுகள் கோத்திருக்கும். வலை விழுந்தவுடன் விளிம்பு விரைந்து மூழ்கினால்தான் மீன் அகப்படும். கல்லைக் கட்டினால் ஆகாதா?

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கொண்டு கணக்கிடுவோம். 100 கிராம் ஈயத்தின் கனஅளவு 100 ÷ 11.34 = 8.8 க.செ.மீ. அது தண்ணீருக்குள் 8.8 கிராம் எடையை இழக்கும். மீதி 91 கிராம். 100 கிராம் கருங்கல்லின் கனஅளவு சுமார் 37 க.செ.மீ. அது தண்ணீருக்குள் 37 கிராமை இழந்து 63 கிராமாகத்தான் நிற்கும். மேலும் கல் பருமனாக இருப்பதால் நீர் அதை அதிகமாகத் தடுக்கும். ஈயமோ சிறிய உருவில் பெரிய எடை. மென்மையானதும்கூட, தட்டினால் கயிற்றைச் சுற்றி வளைந்து கவ்விக்கொள்ளும். துருப்பிடித்து உதிர்ந்தும் போகாது. மீன்பிடிப்பவர் இதைத் தேடிப் பிடித்ததில் வியப்பில்லை. பழைய ஈயத்தைச் சேர்த்து உருக்கி, அச்சில் ஊற்றிக் குண்டு வார்த்துக்கொள்வது உலகின் பல கடற்கரைகளில் வழங்கும் கைவேலை.

துப்பாக்கிக்குள் புகுந்த ஈயம்

வலைக்காரர் விரும்பிய அதே குணங்களைப் படைவீரரும் விரும்பினர். நம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1741ஆம் ஆண்டு குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றது. அப்போது சிறைப்பட்ட டிலனாய் என்ற தளபதி பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தார். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் தக்கலையைத் தாண்டினால் வரும் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. அங்கே அவருடைய மேற்பார்வையில் பீரங்கி வார்க்கும் உலைக்களம் நடந்தது. 1777இல் இறந்த அவருடைய கல்லறையையும் அக்கோட்டைக்குள் காணலாம்.

பீரங்கி வார்க்கக் கோட்டையும் உலைக்களமும் வேண்டும். ஆனால் கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அவை வேண்டா. அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் ஈய உருண்டைகளைச் சுட்டன. இடுக்கி போன்ற ஒரு சிறிய அச்சும், ஒரு கரண்டியும், கூடாரத்துக்கு வெளியே எரியும் நெருப்பும் இருந்தால் வீரரே தமக்கு வேண்டிய குண்டுகளை வார்த்துக்கொள்ளலாம். அடர்த்தி மிகுந்ததால் ஈய உருண்டை காற்றின் தடையால் எளிதில் வேகம் குறையாது. மென்மையானதால் இரும்புக் குழாயைத் தேய்க்காது.

துப்பாக்கியின் அளவைக்கூட ஈயத்தால்தான் சொன்னார்கள். ‘12 போர்’ துப்பாக்கி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 சம உருண்டைகள் செய்தால், அந்த உருண்டை ஒன்று சரியாகப் பொருந்தும் குழாய் என்பதே அதன் பொருள். அமெரிக்கா போன்ற சில நாடுகளில் இன்றும் குண்டு வார்ப்பதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் உண்டு. நம் நாட்டிலோ 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

வீட்டையே கோபுரமாக்கியவர்

அச்சில் வார்த்த உருண்டையில் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு நிற்கும். அதை அராவி எடுக்க வேண்டும். பறவை சுடப் பயன்படும் சிறு ரவைகளை இப்படி ஒவ்வொன்றாகச் செய்வது நடக்கிற காரியமா? இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் இருந்த வில்லியம் வாட்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். தம் வீட்டின் மேல் ஒரு கோபுரத்தை எழுப்பினார்; தளங்களில் துளை போட்டார்; அடியில் குழி தோண்டித் தண்ணீர் வைத்தார். உச்சியிலிருந்து, துளைகள் கொண்ட சட்டியின் வழியே உருகிய ஈயத்தைச் சொட்டவிட்டார். சொட்டுகள் விழும்போதே உருண்டையாகி, இறுகி, தண்ணீரில் வந்து சேர்ந்தன. 1782இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் கோபுரம் 1968 வரை நின்றிருந்தது.

இங்கே அச்சாக வேலை செய்தது எது? பரப்பு இழுவிசை. ஒரே கனஅளவுள்ள வடிவங்களில் மிகக் குறைந்த மேற்பரப்பு உடையது கோளம். திரவத் துளி தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ள முயல்வதால் அது கோளமாகிறது. உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை தண்ணீரின் பரப்பு இழுவிசையைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு.

இதை ஈயம் இல்லாமலே நீங்கள் காணலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் எடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குங்கள். நல்லெண்ணெய்த் துளி ஒன்றை நடுவில் விடுங்கள். துளி மிதந்தால் இன்னும் ஸ்பிரிட் சேருங்கள். மூழ்கினால் தண்ணீர் சேருங்கள். கலவையின் அடர்த்தி எண்ணெயின் அடர்த்திக்குச் சமமாகும்போது, துளி நடுவில் அசையாமல் அழகிய கோளமாக நிற்கும். பெல்ஜிய அறிஞர் பிளாட்டோ 19ஆம் நூற்றாண்டில் செய்து காட்டிய சோதனை இது. ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது, அடுப்போ விளக்கோ அருகில் இருக்கக் கூடாது.

நடுவில் விழும் பள்ளம்

அச்சில் ஊற்றிய ஈயம் இறுகும்போது அதன் வாயில் ஒரு சிறு பள்ளம் விழும். ஏன்? ஈயம் திரவ நிலையிலிருந்து திடமாகும்போது ஏறக்குறைய 3.5 விழுக்காடு சுருங்குகிறது. ஓரங்கள் முதலில் குளிர்ந்து இறுகிவிடுகின்றன. கடைசியில் இறுகும் நடுப்பகுதி சுருங்கும்போது மேல்பரப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தண்ணீரோ இதற்கு மாறாக, உறையும்போது விரிவடைகிறது.

மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் பெற்ற ஊர் அல்லவா? தேன்மெழுகை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு டப்பாவில் மெழுகுத் துண்டுகளைப் போட்டு, அந்த டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். 65° செ.க்குள் மெழுகு உருகிவிடும். அதை ஒரு சிரட்டையில் ஊற்றி ஆறவிடுங்கள். நடுவில் பள்ளம் விழுவதைக் காண்பீர்கள். ஈயத்தில் நடப்பதும் இதுவே. மெழுகில் பார்த்தால் போதும். ஈயத்தில் செய்து பார்க்க வேண்டா. ஏன் என்பதை இனிச் சொல்கிறேன்.

ஒரு சொட்டுத் தண்ணீர்

உருகிய ஈயத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், பெரும்பாலும் அது முத்துப்போல் உருண்டோடி மறைந்துவிடும். துளிக்கும் ஈயத்துக்கும் இடையே நீராவிப் படலம் ஒன்று உண்டாகித் துளியைத் தாங்குவதே காரணம். இதைக் கண்டு, ‘தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது’ என்று எண்ணிவிடுகிறவர்கள் உண்டு. பெரும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

அதே சொட்டு ஈயத்துக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு க.செ.மீ. தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1,700 க.செ.மீ. இடம் கேட்கும். ஒரு சொட்டு அதில் இருபதில் ஒரு பங்கு என்றாலும், 80 க.செ.மீட்டருக்கு மேல் நீராவி கண்ணிமைக்கும் நேரத்தில் வெளிப்படும். அது மேலே நிற்கும் ஈயத்தை முகத்திலும் கண்ணிலும் வாரி இறைத்துவிடும். ஈரக் கரண்டி, சரியாக உலராத மண் அச்சு, துளைக்குள் கடல்நீர் தங்கிய பழைய வலைக்குண்டு, இவற்றில் எது ஒன்றும் போதும்.

கண்ணுக்குத் தெரியாத கேடு

தெறிக்கும் ஈயமாவது கண்ணுக்குத் தெரியும். இனிச் சொல்லப்போவது தெரியாது.

ஈயத்தின் கொதிநிலை 1,749° செ. ஆகவே, உருகுநிலையை ஒட்டிய வெப்பத்தில் அது அதிகம் ஆவியாவதில்லை. ஆனால் விறகடுப்புக்கு 327 டிகிரியோடு நிற்கத் தெரியாது. பாத்திரம் மங்கலாகச் சிவந்து கனலத் தொடங்கினால் வெப்பநிலை 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது ஈயப் புகை எழும். அது போதாதென்று, உருகிய ஈயத்தின் மேல் ஓயாமல் ஓர் ஆடை படரும். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் ஈய ஆக்சைடு அது. அதைக் கரண்டியால் வழித்து முற்றத்தில் தட்டுவார்கள். அது மெல்லிய பொடி. காலில் ஒட்டி வீட்டுக்குள் வரும், பாயில் படியும், உடையில் தங்கும். தவழும் குழந்தை அந்தத் தரையைத் தொட்டு விரலை வாயில் வைக்கும்.

கைவழியே வாய்க்குப் போவதுதான் முக்கியமான வழி என்பதை ஒரு தொழிலாளி நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார். பெஞ்சமின் பிராங்க்ளின் இளைஞராக லண்டனில் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, ஈய எழுத்துகளை நெருப்பருகே சூடேற்றிக் கையாண்டதால் கையில் வலி கண்டார். ஈயத்தோடு பழகி அனுபவப்பட்ட வேலைக்காரர் ஒருவர் காரணம் சொன்னார்: புகையைவிட, கை கழுவாமல் சாப்பிடுகிறவர்கள் விழுங்கும் ஈயத் துகளே நோயைத் தருகிறது. 1786இல் எழுதிய ஒரு கடிதத்தில் பிராங்க்ளின் இதைக் குறித்திருக்கிறார்.

உடலுக்குள் சென்ற ஈயம் கால்சியத்தைப்போல் நடித்து எலும்புக்குள் குடியேறுகிறது. அங்கே பல ஆண்டுகள் தங்குகிறது. இரத்தத்தின் சிவப்புப் பொருள் உண்டாவதைத் தடுத்துச் சோகையை உண்டாக்குகிறது. வளரும் மூளையைத் தாக்கி, கற்கும் ஆற்றலையும் கவனத்தையும் குறைக்கிறது. அந்தச் சேதம் பிறகு சரியாவதில்லை. வாய்வழிச் செல்லும் ஈயத்தில், பெரியவர் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே, அது எங்கிருந்து வந்தது என்று தேடிக் களைய வேண்டும் என்று அந்நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளுக்கு, இந்த அளவோ அதற்கு மேலோ இருப்பதாக யூனிசெஃப் 2020இல் மதிப்பிட்டது.

5 மைக்ரோகிராம் என்பது எவ்வளவு சிறிது என்று பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தையின் உடலில் ஏறக்குறைய 1.4 லிட்டர் இரத்தம் இருக்கும். அதில் இருக்கும் ஈயம் மொத்தம் 70 மைக்ரோகிராம். ஒரு சீனிப் பரலின் எடையைவிடக் குறைவு!

வலைக்குண்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதா? இருக்கிறது. பசிபிக் கடலில் மைக்ரோனீசியாவைச் சேர்ந்த சூக் தீவுகளில் பழைய கார் பேட்டரிகளை உருக்கி மீன்பிடிக் குண்டு வார்க்கும் வழக்கம் இருந்தது. அப்படி வார்த்த வீடுகளின் குழந்தைகளிடம் ஈய அளவு மிகுந்திருக்க அதிக வாய்ப்பு இருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். கொலம்பியாவின் கார்த்தகேனா நகரில், வலைக்கு ஈயக்குண்டு செய்யும் குடியிருப்பின் குழந்தைகளிடமும் மிகுந்த ஈயம் இருந்தது.

நாம் செய்யக்கூடியவை

ஈயத்தை ஒரேயடியாக விலக்கிவிட முடியாது. வண்டியின் பேட்டரி முதல் எக்ஸ்ரே அறையின் சுவர்வரை அதற்கு இடம் உண்டு. விலக்க வேண்டியது வீட்டு அடுப்பிலிருந்துதான். வலைக்கு வேண்டிய குண்டுகளை ஆயத்தமாக வாங்கிக்கொள்வதே நல்லது. சிறு மீன்பிடிக் குண்டுகளை அன்னப்பறவைகள் விழுங்கி மடிந்ததால், பிரிட்டன் 1987இல் அத்தகைய ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது. எஃகு, டங்ஸ்டன் போன்றவற்றால் செய்த குண்டுகள் அங்கே பழக்கத்துக்கு வந்தன.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஈயம் உருக்கும் வழக்கம் இருந்தால், பெரியவர்களிடம் இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். சமையல் அடுப்பிலும் சமையல் பாத்திரத்திலும் ஈயம் உருக்கக் கூடாது. உருக்கிய பாத்திரம் மறுபடி சமையலுக்கு ஆகாது. தேய்த்துக் கழுவினாலும் ஆகாது. பேட்டரித் தகடுகளை ஒருபோதும் உருக்கக் கூடாது. அவற்றில் அமிலமும் பொடியான ஈயச் சேர்மங்களும் மிகுதி. பழைய பேட்டரியை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஈயப் பொடி படிந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் அது காற்றில் எழும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தூண்டில் ஈயத்தைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கத்தை விட வேண்டும். வலையைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவிய பிறகே உண்ண வேண்டும். இரும்புச் சத்தும் கால்சியமும் போதுமான அளவு உண்ணும் குழந்தையின் உடல் ஈயத்தைக் குறைவாகவே ஏற்கும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பாலும் அதற்கு உதவும். ஐயம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பரிசோதிக்கலாம்.

முடிக்குமுன் ஒரு கணக்கு. 12 போர் துப்பாக்கியின் ஈய உருண்டையின் விட்டம் என்ன? ஒரு பவுண்டு 454 கிராம். அதை 12ஆல் வகுத்து ஓர் உருண்டையின் எடையைக் காணுங்கள். அடர்த்தியால் வகுத்துக் கனஅளவைக் காணுங்கள். பிறகு கோளத்தின் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். 18.5 மி.மீ. வந்தால் சரி. அந்த ஓர் உருண்டையின் எடையை, மேலே சொன்ன 70 மைக்ரோகிராமால் வகுத்துப் பாருங்கள். ஐந்து லட்சத்துக்கு மேல் வரும். ஐந்து லட்சம் குழந்தைகளின் இரத்தத்தை அந்த அளவுக்குக் கெடுக்கப் போதுமான ஈயம், உள்ளங்கையில் அடங்கும் ஓர் உருண்டைக்குள் இருக்கிறது.